'ஓவர்' சொல்லும்வரை காத்திருங்கள்

இரவு மணி பத்து. வேலை முடிந்து வீடு திரும்பிய ஒருவர், கைப்பேசியை ஒதுக்கிவிட்டு ஒலிவாங்கியைக் கையில் எடுக்கிறார். "சி கியூ, சி கியூ" என அழைக்கிறார். 'யாராவது பேச வருகிறீர்களா?' என்பது அதன் பொருள். எங்கிருந்தோ ஒரு குரல் பதில் தருகிறது.

இவர்கள் ஹாம் வானொலி ஆர்வலர்கள். மலேசியாவில் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்களுக்கே இந்த வாய்ப்பு. '9எம்2' எனத் தொடங்கும் அழைப்புக்குறிகள் தீபகற்ப மலேசியாவைச் சேர்ந்தவை. வணிகம் பேசக்கூடாது, வானிலை, ஆன்டெனா, சமையல் என அரட்டை நீளும்.

ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர் குரல் கேட்காது. எனவே, அவர் 'ஓவர்' சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். பேச்சுக்கு இடையே சற்று இடைவெளியும் விடுவார்கள். அவசரச் செய்தியுடன் யாரேனும் காத்திருக்கலாம் அல்லவா? வெள்ளத்தில் கைப்பேசிக் கோபுரங்கள் முடங்கினால், அரட்டையில் பழகிய இதே குரல்கள் உதவிக்கு வர முடியும்.

விடைபெறும்போது '73' என்பார்கள். தந்திக் காலத்திலிருந்து வரும் வாழ்த்து அது.

மாணவர்களே, அடுத்த முறை நண்பர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்டுப் பாருங்கள். 'ஓவர்' என்று அவர் சொல்லமாட்டார். நாம்தான் உணர வேண்டும்.