சொட்டு நீலமும் கேட் வால்வும்

வெளிநாட்டில் இருக்கும் ஓனர்களுக்காக நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் சில வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். வாடகை வாங்குவது சுலபம். ரிப்பேர் போன்கள்தான் பொழுதைத் தின்பவை. யார் கூப்பிட்டாலும் "மேடம், அர்ஜென்ட்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். குரலை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. விடியும்வரை விட்டால் ஆளுக்கு ஆபத்தா, சேதம் கூடுமா? இவ்வளவுதான் என் கணக்கு.

கொசுவலை கிழிந்ததற்கு ராத்திரி பத்து மணிக்குக் கத்துவார்கள். அது ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும். கழிவறை அடைப்பு வீட்டைப் பொறுத்தது. இரண்டு கழிவறை இருந்தால் நாளை பார்க்கலாம். ஒன்றுதான் இருந்தால், அதுவும் முட்டிவலிக்காரப் பாட்டி இருக்கும் வீடென்றால், உடனே ஆள் போக வேண்டும்.

எனக்குப் பயமெல்லாம் மெதுவாகப் பேசுபவர்களிடம். "சுவிட்சைத் தொட்டா லேசா சுர்ருங்குது மேடம், டைம் கிடைக்கும்போது யாரையாவது அனுப்புங்க." மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு அந்த நிமிஷமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவேன். டிரிப்பர் அடிக்கடி விழுவதும் இதே ரகம். வீடுகளில் மாட்டும் டிரிப்பர் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும்படி செய்தது. விழுவதுதான் அதன் வேலை. ஐப்பசி மழையில் சுவர் ஊறி, ஒயர் பெட்டிக்குள் ஈரம் இறங்கினால் விழாமல் என்ன செய்யும்? "டைரக்ட் பண்ணிடட்டுமாக்கா?" என்று கேட்கும் எலெக்ட்ரீஷியனை அடுத்த முறை நான் கூப்பிடுவதில்லை.

சீலிங்கில் பழுப்புக் கோடு தெரிந்தால் "பெயிண்ட் அடிக்கும்போது பார்த்துக்கலாம்" என்பார் ஓனர். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பூச்சு உப்பியிருந்தால் கட்டிலை அன்றைக்கே நகர்த்தச் சொல்வேன். கொத்தனார் வர நான்கு நாள் ஆனாலும் ஆகட்டும்.

கேஸ் நாற்றத்துக்கு மட்டும் எனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்கக் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐக் கூப்பிட வேண்டும். மின்வாரியப் புகாருக்கு மின்னகம் இருக்கிறது: 94987 94987. இந்த இரண்டு எண்களும் சாவியோடு கைக்குப் போய்விடும்.

புதிதாகக் குடி வருபவர் கப்போர்டு பார்க்கும் ஆசையில் இருப்பார். நான் முதலில் மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் அவர் வீட்டு கேட் வால்வைக் காட்டுவேன், திருகியும் பார்க்கச் சொல்வேன். பைப் வெடித்தால் அதை மூடத் தெரிந்த வீட்டில் அவசரம் ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். பிளம்பர் சாவகாசமாக வரலாம்.

செலவு யாருடையது என்பதில்தான் சண்டை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், கீசர், தாழ்ப்பாள், வாஷ்பேசின் குடியிருப்பவர் பாடு. படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மாடி வீட்டு பாத்ரூம் கசிந்து கீழ் வீட்டு ஹாலில் ஓதம் அடித்தால்? மாடிக்காரர் "எங்க வீட்டுல எதுவும் ஒழுகலையே" என்பார். அசோசியேஷன் வாயே திறக்காது. எங்கள் பிளம்பர் தம்பியிடம் இதற்கு மருந்து இருக்கிறது. மாடி பாத்ரூம் தரையில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரைத் தேக்கி விடுவார். கீழே நீலமாகக் கசிந்தால் மாடிக்காரரே செல்லில் போட்டோ எடுத்துக்கொண்டு கொத்தனாரைத் தேடுவார். நீலம் வராவிட்டால் அழுத்தத்தில் ஓடும் தண்ணி லைனைச் சந்தேகிக்க வேண்டும். அதன் கசிவு தரைத் தண்ணீரில் தெரியாது.

குடியிருப்பவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். போட்டோவைவிட வீடியோ மேல். எப்போது ஆரம்பித்தது, எந்த நேரம் வீட்டில் இருப்பீர்கள் என்று இரண்டு வரி. பதிலுக்கு, சாதாரண வேலைக்கு ஆள் அனுப்பும்முன் நானும் ஒருநாள் முன்னதாக மெசேஜ் போட்டுவிடுவேன். ஓனர் தரப்பு உள்ளே வர 24 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது சட்டம். சட்டமே இல்லாவிட்டாலும், குழந்தை தூங்கும் நேரத்தில் டிரில் மெஷினோடு போய் நிற்பது நியாயமா?

ஓனர்களிடம் ஒரே நிபந்தனை. இங்கே பைப் வெடிக்கும்போது அமெரிக்காவில் நடுராத்திரியாக இருக்கும். 5,000 ரூபாய் வரை கேட்காமலே செலவழிப்பேன். பிளம்பர் பில் தராவிட்டால் நோட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்புவேன். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் வீட்டுச் சாவியை நான் வாங்குவதில்லை.