பழைய டிரக்கின் உஷ்ண நிவாரணம்

டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் பிரதேசத்தில் 1980-ஆம் ஆண்டுக் கோடையில் 42 நாட்கள் தொடர்ந்து பகலின் உச்ச உஷ்ணம் 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை என்றால், அந்தக் காலத்து ஷெவர்லே சி10 பிக்கப் டிரக்கை இன்றும் ஆசையோடு ஓட்டிவருகிறவர்கள், அதன் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு வெளிக் கம்பெனிகள் விற்கும் அலுமினிய ரேடியேட்டரைப் பொருத்த விரும்புவதில் ஆச்சரியமில்லை.

பித்தளைக் குழாய்களையும் செம்புத் தகடுகளையும் ஈயப் பற்றுவைத்து இணைத்தவை பழைய ரேடியேட்டர்கள். உஷ்ணத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிடச் செம்பே சிரேஷ்டமானது. ஆயினும் அலுமினியக் குழாய்களை அகலமாகச் செய்ய முடிவதாலும், அகலக் குழாய் தகடுகளோடு அதிகப் பரப்பில் ஒட்டுவதாலும், கடத்துந் திறனில் தாழ்ந்த உலோகமே காரியத்தில் ஜெயித்துவிடுகிறது.

ஆனால், ரேடியேட்டரை மாற்றிவிட்டுக் காற்றை மறந்துவிடுவது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம். விசிறியைச் சூழ்ந்த உறை இல்லாவிட்டால், காற்று ரேடியேட்டரின் ஊடே வராமல் ஓரங்களில் புகுந்துவிடும். சிக்னலில் நிற்கையில் ஏறிய உஷ்ணமானி முள் நெடுஞ்சாலையில் இறங்குவது பெரும்பாலும் இக்குறையின் லட்சணம். ரேடியேட்டர் மூடியும் அற்பமானதன்று: அது தாங்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு கூடினால் கொதிநிலை சுமார் 3 டிகிரி பாரன்ஹீட் உயரும்; ஆனால் பழைய ஹோஸ்கள் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று முதலில் பார்க்கவேண்டும்.

எஞ்சின் சூடாயிருக்கையில் மூடியைத் திறக்காதீர்கள்; வடித்தெடுத்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் தித்திப்பான விஷம். நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.