மாத்திரையை நசுக்கலாமா?

பாட்டிக்கு மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை. மருமகள் என்ன செய்கிறாள்? கரண்டியால் நசுக்கி, தேனில் குழைத்துக் கொடுத்து விடுகிறாள். அன்பால் செய்கிற காரியம்தான். ஆனால் சில மாத்திரைகளில் அது ஆபத்து!

மாத்திரை அட்டையைப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் "எஸ்.ஆர்.", "எக்ஸ்.ஆர்.", "ஈ.ஆர்." என்று இருக்கிறதா? அது மெதுவாக மருந்தை விடும் மாத்திரை. 12 அல்லது 24 மணி நேரத்துக்கு வேண்டிய மருந்து அதில் இருக்கும். வயிற்றுக்குள் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

நசுக்கினால்? அவ்வளவு மருந்தும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்துவிடும். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் நிபெடிபின் என்றால், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். உயிருக்கே மோசம் வரலாம்.

இந்த வித்தை புதிதல்ல. 1952-ல் "ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்சு" என்ற அமெரிக்கக் கம்பெனி "ஸ்பான்சூல்" என்ற காப்சூலை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்குள் கடுகு போன்ற குட்டி உருண்டைகள். சிலவற்றுக்கு மெல்லிய பூச்சு, சிலவற்றுக்குக் கனத்த பூச்சு. ஒன்று கரைந்த பின் ஒன்று கரையும்.

விழுங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். திரவ மருந்தோ சாதாரண மாத்திரையோ எழுதித் தருவார். நீங்களாகக் கடையில் மாற்றி வாங்காதீர்கள். சாதாரண மாத்திரை என்றால் வேளைக் கணக்கே வேறு.

இன்னொன்று. நீரிழிவுக்கு மெட்பார்மின் எக்ஸ்.ஆர். சாப்பிடும் சிலர், "மாத்திரை அப்படியே மலத்தில் வந்துவிட்டதே!" என்று பதறுவார்கள். பயம் வேண்டாம். அது வெறும் கூடு. மருந்து உள்ளே இறங்கியிருக்கும்.