தென் சீனத்து முஸ்லிம்கள்: விடுமுறைப் பயணமொன்றில் கண்டதும் அறிந்ததும்

சீனாவில் கல்வி கற்கும் இலங்கை மாணவர்களுக்கு வசந்த விழா விடுமுறை ஒரு சங்கடமான காலம். சீனப் புத்தாண்டை ஒட்டி பல்கலைக்கழகங்கள் வாரக்கணக்கில் மூடப்படும். உள்ளூர் மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஊருக்கு வரும் யோசனையைக் கைவிட்டவர்கள் வெறிச்சோடிய விடுதியில் நூடில்ஸ் அவித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இம்முறை நாங்கள் நான்கு பேர் அப்படி இருக்க விரும்பாமல் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். நான், பாகிஸ்தான் நண்பர் ஒருவர், பங்களாதேஷ் நண்பர் ஒருவர், காலியைச் சேர்ந்த சிங்கள நண்பர் ஒருவர். குவாங்சோ, சுவான்சோ, பிறகு யுனான் மாகாணத்தின் குன்மிங். இதுதான் பாதை.

தொலைபேசியில் விடயத்தைச் சொன்னதும் உம்மா இரண்டு கேள்விகள் கேட்டார். "அங்க என்னத்த மகன் சாப்பிடுவீங்க?" என்பது முதலாவது. "அங்க எங்கட ஆக்கள் இருக்காங்களா?" என்பது இரண்டாவது. சீனா என்றதும் நமது ஊர்களில் பெரும்பாலானவர்களுக்கு எழும் கேள்விகளும் இவைதான் என்பதால், அவற்றுக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கான பதில் எளிது. சீனாவில் ஹலாலுக்கு வழங்கும் சொல் 'சிங்ஜென்'. தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். பள்ளிவாசலைக் குறிக்கவும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். 'சிங்ஜென்சு' என்றால் பள்ளிவாசல். இந்த இரண்டு எழுத்துக்களை அடையாளம் காணப் பழகிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சீனாவின் ஏறக்குறைய எல்லா நகரங்களிலும் 'லான்சோ நூடில்ஸ்' கடைகள் உண்டு. மாவைக் கையால் இழுத்து இழுத்து நூலாக்கி, மாட்டிறைச்சிச் சூப்பில் போட்டுத் தருவார்கள். இக்கடைகளில் பலவற்றை நடத்துபவர்கள் வடமேற்கே கன்சு, சிங்ஹாய் மாகாணங்களிலிருந்து குடும்பத்தோடு வந்த முஸ்லிம்கள். தொப்பி அணிந்த ஒருவர் உள்ளே நிற்பார். ஸலாம் சொன்னால் முகம் மலரும். அதற்குப் பிறகு கதைக்க மொழி இருக்காது என்பது வேறு விடயம்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. சீன மொழியில் வெறுமனே 'இறைச்சி' என்றால் அது பன்றி இறைச்சிதான். மாடு, ஆடு என்றால் மட்டுமே பெயர் சேர்த்துச் சொல்வார்கள். மரக்கறிதானே என்று நம்பி வாங்கும் உணவில் பன்றிக் கொழுப்பு எண்ணெய் சேர்ந்திருக்கலாம். பௌத்த விகாரைகளை அண்டிய முழு மரக்கறிக் கடைகளில் அந்தப் பயம் குறைவு. அவற்றில் மது சேர்க்கப்படுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். எமது சிங்கள நண்பருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆனாலும் பயணம் முழுவதும் எங்களோடுதான் சாப்பிட்டார். புத்தாண்டு நாட்களில் பல கடைகள் மூடிக் கிடந்தபோது, திறந்திருந்த சிங்ஜென் கடையைக் கைத்தொலைபேசி வரைபடத்தில் முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான்.

இரண்டாவது கேள்விதான் ஆழமானது.

குவாங்சோவின் பழைய நகரில் 'குவாங்தா' என்றொரு வீதி. ஒளிக்கோபுரம் என்று பொருள். அங்குள்ள ஹுவாய்ஷெங் பள்ளிவாசலின் மினாராவினால் வந்த பெயர் அது. சுமார் 36 மீற்றர் உயரம், வழவழப்பான வெள்ளை உருளை. நாம் பழகிய மினாராக்களைவிட ஒரு கலங்கரை விளக்கத்தையே அது அதிகம் ஒத்திருக்கிறது. அக்காலத்தில் பேர்ள் நதி இதற்கு மிக அருகில் ஓடியது. வரும் கப்பல்களுக்கு அது வழிகாட்டியாகவும் இருந்தது. 'ஹுவாய்ஷெங்' என்றால் நபியை நினைவுகூர்தல்.

இப்பள்ளிவாசலைக் கட்டியவர் ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) என்பது சீன முஸ்லிம்களின் நீண்டகால நம்பிக்கை. நகரின் மற்றொரு பகுதியில் அவரது கப்ர் என்று ஒன்றும் காட்டப்படுகிறது. மூங்கிலும் மரங்களும் சூழ்ந்த அமைதியான இடம். வெள்ளிக்கிழமைகளில் ஆபிரிக்க, அரபு வணிகர்களால் அது நிரம்பி வழிகிறது. ஆனால் ஸஃத் (ரழி) மதீனாவுக்கு அருகே வஃபாத்தாகி ஜன்னதுல் பகீஃயில் அடக்கப்பட்டார் என்பதே இஸ்லாமிய வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி. இதை அங்குள்ள முதியவர் ஒருவரிடம் பாகிஸ்தான் நண்பர் தயக்கத்தோடு கேட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலை எங்களுக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: யாரோ ஒரு நல்லவர் நமக்கு தீனைக் கொண்டுவந்தார், அவர் இங்கே இருக்கிறார். நமது கரையோர ஊர்களின் ஸியாரங்களைப் பற்றி நமக்கிடையே நடக்கும் சர்ச்சைகள் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றுக்குள் நான் இங்கு போகவில்லை.

கதைகளை ஒதுக்கிவிட்டு எழுத்துச் சான்றுகளைப் பார்த்தாலும் வரலாறு பழையதுதான். 851 ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபுப் பயணக் குறிப்பு ஒன்று, வணிகர் ஸுலைமானின் பெயரால் அறியப்படுவது, குவாங்சோவை 'கான்ஃபூ' என்று அழைக்கிறது. அங்கு வந்து தங்கும் முஸ்லிம்களுக்கிடையில் தீர்ப்பு வழங்க சீன ஆட்சியாளரே ஒரு முஸ்லிமை நியமித்திருந்தார் என்றும், பெருநாள் தினங்களில் அவரே தொழுகை நடத்தி குத்பா ஓதினார் என்றும் அக்குறிப்பு சொல்கிறது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்னர் சீனாவில் ஒரு காதி. அதே கான்ஃபூவில் ஒரு தலைமுறை கழித்து ஹுவாங் சாவ் என்ற கிளர்ச்சியாளனின் படை புகுந்தபோது அந்நிய வணிகர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அரபு எழுத்தாளர் அபூ ஸைத் அல்ஸீராஃபி கொல்லப்பட்டோர் தொகையை 120,000 என்கிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். சம்பவம் மிகையல்ல.

அடுத்து சுவான்சோ. அரபுகள் 'ஸைத்தூன்' என்று அழைத்த துறைமுகம் இதுதான். இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, பின்னர் சீனாவில் கரையிறங்கியதும் இங்கேதான். 2021 இல் யுனெஸ்கோ இந்நகரின் 22 இடங்களை ஒன்றாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் ஒன்று கி.பி. 1009 ஐ ஒட்டிக் கட்டப்பட்ட கருங்கல் பள்ளிவாசல். உயர்ந்த வளைவு வாசல் இன்னும் நிற்கிறது. உள்ளே தொழுகை மண்டபத்துக்குக் கூரை இல்லை. சுவர்களில் குர்ஆன் வசனங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, மேலே வெறும் வானம்.

சுவான்சோவில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது பள்ளிவாசல் அல்ல, மனிதர்கள். யுவான் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1357 முதல் 1366 வரை, இங்கு பெரும் கலவரங்கள் நடந்தன. அதன் முடிவில் முஸ்லிம்கள் பழிவாங்கப்பட்டார்கள். பலர் நகரை விட்டு ஓடிக் கரையோரக் கிராமங்களில் ஒளிந்து, சீனப் பெயர்களோடு வாழ்ந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள்தான் செந்தாய் பகுதியின் திங் குலத்தாரும் பாய்சி பகுதியின் குவோ குலத்தாரும். இன்று செந்தாய் விளையாட்டுக் காலணி உற்பத்திக்குப் பேர்போன இடம். செல்வமான ஊர். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தொழுவதில்லை, பன்றி இறைச்சியும் உண்கிறார்கள். முன்னோருக்குப் படையல் வைக்கும்போது மட்டும் அதில் பன்றி இறைச்சி சேர்ப்பதில்லை. இறந்துபோன மூதாதையர் முஸ்லிம்கள், அவர்கள் அதைச் சாப்பிட மாட்டார்கள் என்பதே காரணம்!

படையல் வைப்பதே நமது மார்க்கத்தில் இல்லாத ஒன்று. அப்படியிருந்தும் அந்த ஒரு விலக்கல் மட்டும் அறுநூறு ஆண்டுகள் கடந்து நிற்கிறது. ஒரு சமூகம் தனது தீனை ஒரே நாளில் இழப்பதில்லை. முதலில் மொழி போகிறது, பிறகு பெயர், பிறகு தொழுகை. கடைசியில் எஞ்சுவது இப்படி ஏதாவது ஒரு சிறு வழக்கம்தான்.

இதில் இன்னொரு சிக்கலையும் விளக்க வேண்டும். சீன அரசின் கணக்கில் 'ஹுய்' என்பது ஒரு மதம் அல்ல, ஓர் இனம். முஸ்லிம்களாக அறியப்படும் பத்து இனங்களில் அதுவே பெரியது. 2020 குடிசன மதிப்பீட்டில் அவர்கள் ஒரு கோடி பத்து இலட்சத்துக்கும் மேல். ஆகவே தொழாத, நோன்பு நோற்காத திங் குலத்தாரும் அடையாள அட்டையில் ஹுய்தான். மறுபக்கம், ஹான் இனத்தவர் ஒருவர் இஸ்லாத்தை ஏற்றாலும் அட்டையில் ஹான்தான். இலங்கையில் 'சோனகர்' என்பதும் 'முஸ்லிம்' என்பதும் பதிவுகளில் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

சுவான்சோ நகரின் கிழக்கே லிங்ஷான் என்ற குன்று. ஸஹாபாக்கள் இருவருடையவை என்று சொல்லப்படும் இரண்டு கல் கப்ருகள் அங்கு உள்ளன. சுற்றிலும் முஸ்லிம் மையவாடி. அங்கு நின்றபோது 2020 ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. நமது ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்ட அந்த மாதங்களை நாம் யாரும் மறக்கப் போவதில்லை. சீனாவில் நகரங்களில் தகனம் பொது விதி. ஆனால் ஹுய் உள்ளிட்ட பத்து முஸ்லிம் இனங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் தமது முறைப்படி நல்லடக்கம் செய்யலாம். எழுத வேண்டிய உண்மை என்பதால் எழுதுகிறேன்.

எழுத வேண்டிய மற்ற உண்மையும் இருக்கிறது. 'இஸ்லாத்தைச் சீனமயமாக்கல்' என்ற ஐந்தாண்டுத் திட்டம் 2018 – 2022 காலத்துக்கென முன்வைக்கப்பட்டது. அதன் பின்னர் பல மாகாணங்களில் பள்ளிவாசல்களின் குவிமாடங்கள் அகற்றப்பட்டன, அரபு எழுத்துக்கள் நீக்கப்பட்டன. யுனானின் நஜியாயிங் ஊரில் 2023 மே மாதம் குவிமாடத்தை அகற்ற வந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள், பொலிஸாரோடு மோதல் ஏற்பட்டது. மஸ்ஜிதுந் நபவியை ஒத்ததாகக் கட்டப்பட்ட ஷாதியான் பெரிய பள்ளிவாசலின் குவிமாடமும் 2024 தொடக்கத்தில் இல்லாமல் போனது. அல்குர்ஆனைச் சீன மொழிக்கு மொழிபெயர்த்த மா ஜியான் பிறந்த ஊர் ஷாதியான். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் கற்றவர் அவர். மதீனாவில் அச்சாகி உலகெங்கும் போகும் சீன மொழிபெயர்ப்பு அவருடையதுதான். வடமேற்கே ஸின்ஜியாங்கில் உய்குர் மக்கள் படும் துன்பம் இதைவிடப் பன்மடங்கு பெரிது. அங்கு நடப்பவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2022 ஓகஸ்டில் அறிக்கையிட்டது.

ஷாதியானுக்குப் போக வேண்டும் என்பதே எனது முதல் திட்டம். குன்மிங்கில் ஓர் இரவு முழுக்க இது பற்றி விவாதித்தோம். போகவில்லை. நான்கு வெளிநாட்டு மாணவர்கள் கெமராவோடு போய் இறங்கினால் நாங்கள் திரும்பிய பிறகு கேள்வி கேட்கப்படுவது அந்த ஊர் மக்களிடம்தான். சந்தித்த யாரிடமும் குவிமாடங்கள் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. ஒரு பள்ளிவாசலில் வயதான ஒருவர் எங்களை அழைத்துத் தேநீர் தந்து, குர்ஆனில் ஒரு பக்கம் ஓதச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். 2019 க்குப் பின்னர் நமது ஊர்களில் அரபுப் பெயர்ப்பலகைகள் இறக்கப்பட்ட நாட்களில் வெளியூர்க்காரர் யாராவது வந்து கேட்டிருந்தால் நாமும் அதிகம் பேசியிருக்க மாட்டோம்.

அடுத்த நாள் குன்மிங்குக்குத் தெற்கே தியான் ஏரிக்கரையில் உள்ள குன்யாங் போனோம். தளபதி ஜெங் ஹ 1371 இல் பிறந்த இடம். இயற்பெயர் மா ஹ. அவரது தந்தைக்காக 1405 இல் நிறுவிய கல்வெட்டு அங்கே நிற்கிறது. தந்தையும் பாட்டனாரும் ஹாஜிகள் என்பதை அது சொல்கிறது. அந்த ஆண்டிலேயே தொடங்கி 1433 வரை ஏழு பெருங்கடற்பயணங்கள். 1417 இல் ஹோர்முஸ் புறப்படும் முன் அவர் வந்து போனதைச் சொல்லும் கல்லை ஏற்கனவே லிங்ஷானில் பார்த்திருந்தோம். கோட்டையில் படை நடத்தி அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனதும் இவரது படைதான் என்பதையும் மறக்கக் கூடாது. அவர் வெறும் சமாதானத் தூதர் அல்லர்.

இவர் காலியில் விட்டுச் சென்ற கல்லைப் பற்றி நண்பர்களுக்கு நான் விளக்கினேன். 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரோடும் காணிக்கைகள் பொறிக்கப்பட்டுள்ளன. மூன்று பட்டியல்களும் ஏறக்குறைய ஒன்றே. 1911 இல் காலி நகரில் ஒரு வடிகாலின் மூடியாகக் கிடந்தபோது அதைக் கண்டெடுத்தார்கள்.

"எந்த இடத்தில்?" என்று கேட்டார் காலி நண்பர். கிரிப்ஸ் வீதிச் சந்தி என்றேன். அவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பாடசாலைக் காலம் முழுக்க தினமும் அந்தச் சந்தியைக் கடந்துதான் போயிருக்கிறார், யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. நானும் அந்தக் கல்லைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அது இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு நாடு வந்ததும் இருவரும் சேர்ந்து போவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.