ஒரே மந்திரத்தை எப்போது செலவிடுவது?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து கதை சொல்லி ஆடும் விளையாட்டுக்கும் நம் கல்லாப்பெட்டிக்கும் என்ன தொடர்பு என்று வணிக அன்பர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர். அவ்வூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்பவருடன் சேர்ந்து உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் விற்பனைக்கு வந்தது. டி.எஸ்.ஆர். என்ற சிறு நிறுவனம் முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். விலை 10 டாலர். வீட்டில் வைத்தே பெட்டிகளில் அடுக்கினார்கள். ஓராண்டுக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது.

ஆட்டம் எளிது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். சண்டை வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, அடி பட்டதா தவறியதா என்று பார்ப்பார்கள்.

பாத்திரத்துக்குப் பாத்திரம் போர்முறை வேறு. 1978-இல் வந்த விதிநூலைப் பார்ப்போம். வீரன் கனத்த கவசம் அணிவான். எந்த ஆயுதத்தையும் எடுப்பான். சமயகுரு கூரிய ஆயுதத்தைத் தொடக் கூடாது, கதாயுதமோ சுத்தியலோதான். திருடன் நேருக்கு நேர் மோதினால் தாங்க மாட்டான்; பின்னால் பதுங்கி வந்து அடித்தால் இரட்டிப்புச் சேதம். மந்திரவாதிக்கோ கவசமே கிடையாது. தொடக்க நிலையில் நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம்! அதை அவசரப்பட்டு வீணாக்கினால் அன்று முழுதும் தோழர்களின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

ஆட்டத்தின் சுவையே இந்தக் குறைகளில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. எல்லாம் செய்ய வல்லவன் யார் மனத்திலும் நிற்பதில்லை. தன்னால் இயலாததை அறிந்து, இருப்பதைக் கொண்டு சமாளிப்பவனே நிற்கிறான்.

இந்த விளையாட்டின் உலகில் நடக்கும் கதையாக ஆர்.ஏ.சால்வடோர் 1988-இல் ஒரு நாவல் எழுதினார். அதில் டிரிஸ்ட் என்பவன் துணைப்பாத்திரமாகவே வந்தான். நிலத்தடியில் வாழும் கொடிய இனத்தில் பிறந்து, அக்கொடுமை பொறுக்காமல் வெளியேறியவன். இரு கைகளிலும் வளைவாள் ஏந்திப் போரிடுபவன். வாசகர்கள் அவனையே நாயகனாக்கிவிட்டார்கள். எந்தச் சரக்கு ஓடும் என்பதை முடிவு செய்வது வாடிக்கையாளர்தானே!

ஆனால் இத்தனை பாத்திரங்களைக் கையில் வைத்திருந்த நிறுவனம் என்ன ஆயிற்று? புதுப்புது விளையாட்டுகள், நாவல்கள், பகடைகள் என்று தேவைக்கு மேல் அச்சிட்டுக் குவித்தது. 1990-களின் நடுவில் விற்காத சரக்கு மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. கடன் கழுத்தை நெரித்தது. 1997-இல் டி.எஸ்.ஆர். 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. விளையாட்டு பிழைத்து, ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி இன்றும் ஆடப்படுகிறது. அதைப் பெற்றெடுத்த நிறுவனம்தான் பிழைக்கவில்லை.

ஒரே மந்திரத்தை எப்போது செலவிடுவது என்று ஊருக்கெல்லாம் கற்றுக் கொடுத்தவர்கள், தங்கள் முதலைச் செலவிடும்போது அதை மறந்தார்கள். சிறுவணிகரின் கைமுதலும் அந்த மந்திரம் போன்றதுதான். அடுத்த கொள்முதலுக்குக் கையெழுத்திடும் முன் நாம் ஒருமுறை கிடங்கைத் திறந்து பார்ப்போமாக!