வேலியே பயிரை மேய்ந்த கதை

பூட்டு உடையாமல் ஒரு வீட்டிற் பொருள் களவு போனால், உள்ளிருப்போர் மீதே ஐயம் எழும். அத்தகைய களவை ஆங்கிலத்தில் ‘இன்சைட் ஜொப்’ என்பர். 2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடியை ஆராய்ந்து, சார்ள்ஸ் பெர்குசன் 2010இல் வெளியிட்ட விவரணப் படத்தின் பெயரும் அதுவே.

படம் ஐஸ்லாந்தில் தொடங்குகின்றது. அப்போது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வாழ்ந்த அச்சிறு நாட்டின் மூன்று பெரிய வங்கிகள், நாட்டின் வருமானத்தைப் போலப் பன்மடங்கு கடன்பட்டு, 2008 ஒக்டோபரில் அடுத்தடுத்து வீழ்ந்தன.

அடுத்து அமெரிக்காவுக்குச் செல்கிறோம். முன்னாளில் வீடு வாங்கக் கடன் கொடுத்த வங்கி, அது தீரும்வரை காத்திருந்தது. ஆதலால், வாங்குபவரின் நிலையைத் தீர விசாரித்தது. பின்னர் வந்த முறையோ வேறு. கொடுத்த கடனை வங்கி உடனே முதலீட்டு வங்கிக்கு விற்றுவிடும். அது ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்று சேர்த்துப் பத்திரங்களாக்கி உலகெங்கும் விற்கும். கடன் திரும்பி வராவிடின், முதலிற் கொடுத்தவருக்கு என்ன நட்டம்? பத்திரங்களைத் தரம் பிரித்த நிறுவனங்களும், அவற்றை வெளியிட்டோரிடமே கூலி பெற்று, அதியுயர் தரமென முத்திரையிட்டன. வீட்டு விலை சரிந்தது, கடன்கள் நின்றன, 2008 செப்டெம்பர் 15ஆம் நாள் லீமன் பிரதர்ஸ் முறிந்தது.

எச்சரித்தோர் இல்லாமலில்லை. இலாபத்துக்கு வெகுமதியும் நட்டத்துக்குத் தண்டனையின்மையும் ஆபத்தை வளர்க்கும் என்று 2005இலேயே பொருளியலாளர் ரகுராம் ராஜன் எடுத்துரைத்தார், அவையோர் ஏற்றிலர்.

படத்தின் கூரிய பகுதி அறிஞர்களைப் பற்றியது. ஐஸ்லாந்தின் நிதித்துறை உறுதியானது என்னும் அறிக்கையை 2006இல் இணைந்து எழுதியவர் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெட்ரிக் மிஷ்கின். அதற்காக அவர் அந்நாட்டு வர்த்தக சங்கத்திடம் பெற்ற தொகை 1,24,000 டொலர். மருத்துவர் மருந்து விற்பவரிடம் பணம் பெற்று மருந்தெழுதினால், நோயாளி அதனை அறிய வேண்டாமா?

2011இல் இப்படம் ஒஸ்கார் பரிசு பெற்றது. 2012இல் அமெரிக்கப் பொருளியற் சங்கம், தன் ஏடுகளில் எழுதுவோர் தமக்குப் பொருளுதவியோர் யாவரெனக் கூற வேண்டுமென விதித்தது. சிறிய விதிதான், ஆயினும் நமக்கும் அது வழிகாட்டி. ‘அச்சமில்லை, முதலிடுங்கள்’ என்று எவரேனும் கூறும்போது, அவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று முதலிற் கேட்போமாக.