'ஜாயிண்ட்' என்றால் பாதியா?

நம் சங்கத்தில் இணைச் செயலாளர் என்று ஒரு பதவி உண்டு. ஆங்கிலத்தில் 'ஜாயிண்ட் செக்ரட்டரி'. தில்லிவாசிகளான நமக்கு இந்தப் பெயர் வேறு விதத்திலும் பழக்கம். மத்திய அமைச்சகங்களில் கூடுதல் செயலாளருக்கு அடுத்த படியில் இருக்கும் அதிகாரி அவர். நாற்காலியை அவர் யாரோடும் பங்கிட்டுக் கொள்வதில்லை. ஆனாலும் 'ஜாயிண்ட்'!

சேர்த்துப் பூட்டுதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. நுகத்தடியைக் குறிக்கும் ஆங்கில 'யோக்', வடமொழி 'யோகம்' ஆகியவற்றுக்கும் இதே வேர்தான். தமிழில் பதவிக்கு முன்னால் வந்தால் 'இணை' என்கிறோம். குடும்பம், கணக்கு என்றால் 'கூட்டு'. 1961-இல் வரதட்சணைத் தடை மசோதாவுக்காக நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து அமர்ந்தன. அதைக் 'கூட்டுக் கூட்டம்' என்று எழுதினால், பூசணிக்காய்க் கூட்டு நினைவுக்கு வருகிறது!

வேடிக்கை போதும். இந்தச் சொல் என்னை இரண்டு முறை கடித்திருக்கிறது.

1994-இல் அப்பாவின் வைத்தியத்துக்காக நானும் தம்பியும் ஒரு வங்கியில் அறுபதாயிரம் ரூபாய் 'ஜாயிண்ட்' கடன் வாங்கினோம். ஆளுக்குப் பாதி என்றுதான் நினைத்துக் கையெழுத்திட்டேன். மறு வருஷம் தம்பியின் கம்பெனி மூடப்பட்டது. பாக்கி முழுவதையும் கட்டச் சொல்லி எனக்கு நோட்டீஸ் வந்தது. "என் பாதியைக் கட்டிவிட்டேனே" என்றேன். மானேஜர் 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவைக் காட்டினார். கூட்டாக வாக்குக் கொடுத்தவர்களில், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், யாராவது ஒருவரிடமிருந்தே முழுவதையும் கேட்கலாம். பாதி என்பது எங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. தம்பியிடம் பங்கு கேட்க அதே பிரிவு எனக்கு உரிமை தருகிறது. வேலையில்லாதவனிடம் எப்படிக் கேட்பது? கட்டினேன்.

அப்பா காலமான பிறகு அடுத்த அடி. அவரும் அம்மாவும் வைத்திருந்த சேமிப்புக் கணக்கும் 'ஜாயிண்ட்'தான். ஒருவர் கையெழுத்தே போதும் என்று, கடனில் கற்ற பாடத்தோடு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். பணம் கிடைக்கவில்லை! விண்ணப்பத்தில் 'ஜாயிண்ட்லி', அதாவது இருவரும் சேர்ந்து, என்ற கட்டத்தில் அப்பா குறியிட்டிருந்தார். கூட்டாக வாக்குப் பெற்றவர்கள் சேர்ந்துதான் கேட்கவேண்டும். ஒருவர் இறந்தால் அவருடைய சட்டப்படியான பிரதிநிதிகளும் உடன் வரவேண்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. கடன் கொடுக்க ஒருவர் போதும், பணம் எடுக்க ஒருவர் போதாது! வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போடும் வரை, அந்தப் பணம் இருந்தும் அம்மா மளிகைக்கு என்னிடம் கேட்க வேண்டியிருந்தது. அது அவருக்குப் பெரிய குறை.

'ஐதர் ஆர் சர்வைவர்' என்று குறித்திருந்தால் இருவரில் எவரும், ஒருவருக்குப் பின் மற்றவரும் பணம் எடுக்கலாம். ஆனால் அதனாலேயே பணம் முழுவதும் இருப்பவருக்குச் சொந்தமாகிவிடாது. வங்கியின் பொறுப்பு தீரும், மற்ற வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றால் முதல் பெயருக்குரியவர் உள்ளவரை அவர் மட்டுமே எடுக்கலாம்.

இதை எழுதும் முன் எங்கள் வீட்டுப் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். என் பெயரும் மனைவி பெயரும் இருக்கின்றன. எந்த முறை என்று ஒரு வார்த்தை இல்லை. திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறோம், இருவரும் சேர்ந்து.